உயரம் குறைந்த மணப்பெண் பெரிய பார்டர் பட்டு கட்டலாமா?

கேள்வி: எனக்குத் தை மாதம் கல்யாணம். உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 66 கிலோ. வயிறும் இடுப்பும் கொஞ்சம் அதிகம். மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போய் முகூர்த்தப் புடவை எடுத்துத் தரப் போகிறார்கள். "பெரிய பார்டர் இருந்தால்தான் கல்யாணப் புடவை மாதிரி இருக்கும்" என்கிறார் வருங்கால அத்தை. அதைக் கட்டினால் இன்னும் குள்ளமாக, குண்டாகத் தெரிவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன எடுக்கட்டும்?

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லோரும் கீழே தெரிகிற பார்டரைப் பற்றியே பேசுகிறார்கள். இருபது வருடமாக மணப்பெண்களுக்குப் புடவை கட்டிவிடுகிற எனக்குத் தொல்லை கொடுப்பது மேல் பார்டர்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பட்டுப்புடவையின் அகலம் 46, 47 அங்குலம் இருக்கும். உங்கள் உயரத்துக்கு, ஹீல்ஸ் போட்டாலும், இடுப்பிலிருந்து தரைவரை 37 அங்குலம் வந்தால் அதிகம். மீதி 9, 10 அங்குலத்தைப் பாவாடைக்குள் செருகியாக வேண்டும். இரண்டு பக்கமும் 8 அங்குல ஜரிகை உள்ள புடவை என்றால் மேல் பார்டர் முழுக்க கொசுவத்தோடு சேர்ந்து வயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜரிகை எளிதில் படியாது, விறைத்து நிற்கும். இல்லாத தொப்பையும் வந்துவிடும். அதனால் அத்தையிடம் பார்டரே வேண்டாம் என்று மல்லுக்கு நிற்காதீர்கள். கீழே பெரிதாகவும் மேலே ஓரிரு அங்குலத்துக்குச் சின்னதாகவும் வருகிற புடவையை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

சரி, கீழே எவ்வளவு பெரிதாக? 37 அங்குலத்தில் 12 அங்குலம் பார்டருக்கே போனால் கால் குட்டையாகத்தான் தெரியும். 4 முதல் 6 அங்குலம் உங்களுக்கு அழகு. அகலத்தைவிட நிற வேறுபாடு முக்கியம். கோர்வைப் புடவையில் உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடா (தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டி, இரண்டையும் ஊடே கோத்து நெய்வார்கள். உடல் ஒரு நிறம், பார்டர் இன்னொரு நிறம் என்று வெட்டினாற்போல் பிரிந்து நிற்பதுதான் அதன் அழகு. உயரம் குறைந்தவருக்கு அந்த வெட்டுதான் வினை. அரக்கு உடலுக்குப் பச்சை பார்டர் என்று போகாமல், அரக்குக்கு அரக்கே வருகிற ஒரே நிறப் புடவை எடுத்தால், 6 அங்குல பார்டர்கூட உறுத்தாது. உடலில் பெரிய கட்டம் வேண்டாம். வைர ஊசி மாதிரி நெடுக ஓடும் மெல்லிய கோடுகள் கட்டியதும் குறுக்கே திரும்பிவிடும் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மடியில் போட்டுப் பார்த்தால் தெரியாது. சின்னப் புட்டா அள்ளித் தெளித்ததுபோல் இருந்தால் போதும்.

இன்னொன்று. முகூர்த்தத்தில் பெரும்பாலும் மணையில் உட்கார்ந்திருப்பீர்கள். மாலை வேறு கழுத்திலிருந்து மடிவரை மறைத்துவிடும். போட்டோவில் விழுவது முகம், ரவிக்கைக் கை, தாலி கட்டும்போது பின்கழுத்து, அவ்வளவுதான். நின்றுகொண்டே இருக்கப் போவது வரவேற்பில். அத்தையின் ஆசைக்கு முகூர்த்தப் புடவையில் ஒன்றிரண்டு அங்குலம் விட்டுக்கொடுங்கள். வரவேற்புப் புடவை மட்டும் கனமில்லாத, உடம்போடு படிகிற பட்டாக, உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். உடல் முழுக்க ஜரிகை இழை கலந்து நெய்த டிஷ்யூ பட்டு பளபளவென்று ஆசை காட்டும், ஆனால் உப்பிக்கொண்டு நிற்கும். எடுக்காதீர்கள்.

கடையில் அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டைப் பார்ப்பது, விலை பேசுவது எல்லாம் அப்புறம். முதலில் எழுந்து நின்று, கண்ணாடி முன் கொசுவம் வைத்துக் கட்டிப் பாருங்கள். தோளில் சும்மா போட்டுக் காட்டுவது போதாது. பிறகு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். கடை விளக்கில் மாம்பழ மஞ்சளாக இருந்தது வெளியே வேறு மஞ்சளாக இருக்கும்.

புடவையைவிட ரவிக்கையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையின் பருத்த இடத்தில் ரவிக்கைக் கை முடிந்தால், அங்கே வைத்த ஜரிகை பார்டர் "இங்கே பார்" என்று காட்டிக்கொடுக்கும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடியட்டும். ஆரி வேலையை முதுகில் கொட்டுங்கள், கையில் அளவாக வையுங்கள். கல்யாணத்தன்று போடப் போகிற உள்ளாடையோடுதான் அளவு கொடுக்க வேண்டும். பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது துணி உள்ளே விடச் சொல்லுங்கள். கல்யாண வேலையில் உடம்பு இளைக்கவும் செய்யும், பலகாரத்தில் ஏறவும் செய்யும். போட்டுப் பார்க்கும்போது மாலை மாற்றுவதுபோல் இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்தும் பாருங்கள்.

பாவாடை சுருக்கு வைத்ததாக இல்லாமல் இடுப்போடு ஒட்டியதாக, புடவை நிறத்திலேயே இருக்கட்டும். நாடா முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள். ஒட்டியாணம் போட்டே ஆக வேண்டும் என்றால் மெல்லியதாக. ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு புடவை கட்ட நில்லுங்கள், கட்டிய பிறகு போட்டால் கணுக்கால் தெரியும்.

தை மாதக் கல்யாணம் என்பதால் கார்த்திகையிலேயே ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிடுங்கள். மார்கழிக் கடைசியில் எந்த டெய்லரும் போனை எடுக்க மாட்டார்.