உண்ணிக்குப் பயந்து நடையை விடலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. ஸ்காபரோவில் மகள் குடும்பத்துடன் இருக்கிறேன். சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். குளிர் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்து உடம்பு கட்டையாகிவிட்டது. இப்போது ஸ்னோ கரைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுடன் ரூஜ் பார்க்கில் நடக்க ஆசை. மகளோ, "அங்க உண்ணி கடிச்சு லைம் வருத்தம் வரும், மோலுக்குள்ள நடவுங்கோ" என்கிறாள். நான் போகலாமா, டொக்டர்?

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. குளிர் மாதங்களில் பலருக்கு மூன்று மாதச் சராசரிச் சீனி ஏறிவிடுகிறது. அதை இறக்க நடை நல்ல வழி. மரமும் ஆறும் பார்த்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு நடந்தால் நாளைக்கும் போக மனம் வரும்.

மகள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. லைம் நோய்க் கிருமியைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜில் உண்டு. வெப்பநிலை 4 பாகையைத் தாண்டினாலே அது நடமாடத் தொடங்கிவிடும். ஆனால் உண்ணி பறக்காது, பாயாது. புல் நுனியிலும் சருகிலும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு இருக்கும்; உரசிப் போகிறவரின் துணியில் தொற்றிக்கொள்ளும். பாதையின் நடுவில் நடப்பவருக்கு ஆபத்து குறைவு. படம் எடுக்கப் புல்லுக்குள் இறங்காதீர்கள். முதல் சில நாட்கள் ஆறு ஏரியில் கலக்கும் மணற்கரைப் பக்கம் நடந்து பழகுங்கள். ஏற்றமும் படிகளும் உள்ள மாஸ்ட் பாதை கால் பழகிய பிறகு இருக்கட்டும்.

சேலையும் நீளப் பாவாடையும் வேண்டாம். கரை புல்லைக் கூட்டிக்கொண்டே வரும். வெளிர் நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். 20 சதவீத இக்காரிடின் உள்ள பூச்சி விரட்டியைச் சப்பாத்திலும் காலிலும் அடிக்கலாம். கிளிக்லசைட் எடுப்பதால் நடக்கும்போது சீனி இறங்கக்கூடும். வெறும் வயிற்றில் போகாமல், குளுக்கோஸ் மாத்திரையைப் பையில் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உட்கார்ந்து சோதியுங்கள். சீனி 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுங்கள். சோதிக்க வழியில்லை என்றாலும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்வதுதான் முக்கியம். போட்டிருந்த உடுப்பைக் கழுவும் முன்பே ட்ரையரில் அதிக சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, தொப்புள், அக்குள், காதின் பின்பக்கம், கொண்டைக்குக் கீழே என எல்லாம் தடவிப் பாருங்கள். முதுகை மகள் பார்க்கட்டும். வளர்ந்த உண்ணி எள்ளளவு இருக்கும். மே கடைசியில் வரும் குஞ்சு உண்ணி அதிலும் சிறியது. அப்படியே உள்ளங்காலையும் பாருங்கள். சீனி வருத்தத்தில் கால் மரத்திருந்தால் சப்பாத்து கடித்த கொப்புளம் நோகாது.

உண்ணி ஒட்டியிருந்தால், ஊரில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வைத்த பழக்கத்தில் எதையும் பூசாதீர்கள், நெருப்பும் வேண்டாம். சீண்டினால் அது உமிழ்நீரை உள்ளே விடக்கூடும். கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கிருமி உடம்புக்குள் போக உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் அன்றன்றே பார்க்கச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் பார்மசிக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 2023 முதல் மருந்தாளரே லைம் வராமல் தடுக்க டொக்ஸிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒருவேளைக்கு எழுதித் தரலாம். கல்சியம், இரும்புச் சத்து மாத்திரை எடுத்தால் அவரிடம் சொல்லுங்கள். அவை இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது.

ஒன்றை மகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். லைம் நோய் வந்தால் தோலில் தோன்றும் தழும்பு என்று படங்களில் காட்டுவது வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பு வளையம். நம்முடைய தோலில் அது ஊதாவாகவோ, அடிபட்டுக் கன்றியது போலவோ, வளையமே இல்லாமலோ இருக்கலாம். இதனால் நம்மவர்களுக்கு நோய் பிடிபடத் தாமதமாகிறது என்பது எனக்குப் பெரிய கவலை. கடித்த அன்றே வரும் சின்னத் தடிப்பு ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். லைம் தழும்பு பெரும்பாலும் 3 முதல் 30 நாட்களுக்குள் வந்து, நாளுக்கு நாள் அகலும். 5 சென்ரிமீற்றரையும் தாண்டலாம். நோவோ அரிப்போ பெரும்பாலும் இருக்காது. ஓரத்தைப் பேனாவால் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் இரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்று காட்டலாம். தழும்பைப் பார்த்தே மருந்து தொடங்க வேண்டும். முகம் ஒரு பக்கம் தொங்கினால் 911-ஐ அழையுங்கள், அது பக்கவாதமாகவும் இருக்கலாம்.

காய்ச்சல், மூட்டு நோவு, காரணம் தெரியாத களைப்பு என்று எதற்காக மருத்துவரிடம் போனாலும் "ரூஜில் நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். பலருக்கு உண்ணி கடித்ததே தெரிவதில்லை.