பச்சைப் பிள்ளை சில்லென்று இருந்தால்: குளிரா, கிருமியா?

நுவரெலியாக் குளிரில் பிள்ளை சில்லிட்டுக் கிடந்தால் கிருமித் தொற்றென்று எப்படித் தெரியும்? காய்ச்சல் வருமா?

வராமலும் போகலாம். பெரியவர்களுக்குக் கிருமி ஏறினால் உடம்பு காயும். பச்சைப் பிள்ளைக்குக் குளிர்ந்தும் போகும். மலையில் ஏமாறுவது இங்கேதான். பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதம் மட்டும் குளிர்ந்திருந்து பிள்ளை நன்றாகப் பால் குடித்தால், தொப்பி போட்டுத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து, மேலே கம்பளியால் மூடுங்கள். வயிறும் சில்லென்று இருந்தால் ஆஸ்பத்திரிதான். கக்கத்தில் தெர்மோமீட்டர் 35.5 பாகை செல்சியஸுக்குக் கீழே, அல்லது 38ஐத் தொட்டால் அதுவும் அப்படியே.

அளவு சரியாக இருந்தாலும் பால் உறிஞ்சாதது, நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுப்பது, வலிப்பு, தட்டினால் மட்டும் அசைவது, இவற்றில் ஒன்று போதும், 1990 ஆம்புலன்சுக்கு எடுங்கள். போகிற வழியிலும் பிள்ளை நெஞ்சோடு இருக்கட்டும். அழுகிற பிள்ளையைவிட, பாலுக்கும் எழும்பாமல் 'நல்லா தூங்குது' என்று விடப்படுகிற பிள்ளைதான் எங்களுக்குப் பயம்.

வீட்டில் யாருக்கும் நோயில்லை. இரண்டாம் நாளே எங்கிருந்து தொற்றியது?

முதல் மூன்று நாளில் வருவது பெரும்பாலும் பிரசவப் பாதையிலிருந்து. ஈ.கோலை, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை தாயின் உடம்பில் தொந்தரவில்லாமல் குடியிருப்பவை, அவர்மேல் குற்றமில்லை. பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலம் தாண்டினால், தாய்க்குக் காய்ச்சல் இருந்தால், 37 வாரத்துக்கு முன் பிறந்தால் ஆபத்து கூடும். ஆகவே தண்ணீர் உடைந்தால் வலி வரட்டும் என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) காத்திருக்காதீர்கள்; நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள், வார்டில் சொல்லுங்கள். அதற்குப் பின் வரும் தொற்றுக்கு வழி கைகள், தொப்புள், ஆஸ்பத்திரிக் குழாய்கள்.

தொப்புளுக்கு எண்ணெயும் விபூதியும் வைக்கச் சொல்கிறார் அம்மாயி.

ஒன்றும் வேண்டாம். வெட்டிய கொடிக்குள் இருக்கும் இரத்தக்குழாய் சில நாள் முழுதாக மூடாது. அழுக்கு பட்டால் கிருமி நேரே இரத்தத்துக்குப் போகும். நாப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடியுங்கள், நனைந்தால் சுத்தமான துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். விழும் சமயம் கொஞ்சம் பிசுபிசுக்கும், அது சாதாரணம். சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ சீழ் வந்தாலோ மிட்வைஃப் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் பிள்ளையைத் தூக்கலாமா?

சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகு தாராளமாக.