ஜெர்மனிக்குக் குடிபோகிறோம். ஒன்பது வயது மகளைச் சர்வதேசப் பள்ளியில் சேர்ப்பதா, அங்குள்ள அரசுப் பள்ளியிலா?

கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட் போகிறோம், மகள் நான்காம் வகுப்பு முடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எத்தனை வருடம் இருப்பீர்கள் என்று எழுதவில்லை. பள்ளியைத் தேடும் முன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பேசி முடியுங்கள். நாங்கள் பேசாமல் கிளம்பினோம். சிரமப்பட்டது என் மகள்.

2015 கோடையில் பீளமேட்டிலிருந்து அதே ஸ்டுட்கார்ட் பக்கம்தான் வந்தோம். வீட்டுக்காரருக்கு மெஷின் டிசைன் வேலை. "ரெண்டே வருஷம், திரும்பிடுவோங்க" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு வந்தோம், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மகளுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். திரும்பிப் போனால் சிபிஎஸ்இயில் சேர வசதியாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் நடத்தும் சர்வதேசப் பள்ளியில் சேர்த்தோம். பாதிக் கட்டணம் கம்பெனி கொடுத்தது. பள்ளியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை. வகுப்பில் ஒட்டிக்கொண்ட ஒரே பெண்ணும் அப்பாவுக்கு மாற்றல் வந்து ஆறே மாதத்தில் போய்விட்டாள். சாயங்காலம் ஜன்னலோரம் நின்று கீழே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நீயும் போ கண்ணு" என்றால், "அவங்க பேசறது புரியலைம்மா" என்பாள்.

அடுத்த வருடம் அவருக்கு வேலை நிரந்தரமானது. 2016 செப்டம்பரில் தெருமுனையிலிருந்த அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். கட்டணம் கிடையாது. தொடக்கப் பள்ளி எது என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. அதனால் வீடு பார்க்கும்போதே பள்ளியையும் விசாரித்துவிடுங்கள். மொழி தெரியாததால் நான்காம் வகுப்பு முடித்தவளை மறுபடி மூன்றில் உட்கார வைத்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் தனியாக ஜெர்மன் வகுப்பு.

ஊருக்குச் செய்தி போனது. பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் அம்மாவைப் பிடித்து, "பேத்தி பெயிலாயிட்டாளாமா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். அம்மா போனில் அழுதாள். இதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கேட்டவர்கள் எல்லாம் பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். நானும் ராசிபுரம் பக்கம் அப்படி ஒரு பள்ளியில் படித்தவள்தான். விடிகாலை நாலரைக்கு எழுப்பிவிடுவார்கள், மாதம் ஒரு ஞாயிறு அப்பா கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடவே இல்லை, நேரே பன்னிரண்டுதான். 1200க்கு 1100 தாண்டினேன். கல்லூரியில் முதல் வருடக் கணக்குப் புரியாமல் தவித்தேன். 2017ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லா விடுதிப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பதை அவமானமாக நினைக்கும் புத்தி நமக்கு அங்கிருந்துதான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி நான்கே வகுப்பு. ஐந்தாம் வகுப்பிலேயே பல்கலைக்கழகத்துக்கு நேரே கொண்டுபோகும் கிம்னாசியம், பத்தாவதோடு முடியும் ரியால்ஷூலே என்று பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் வந்து இறங்குவது சரியாக அந்த முனையில். என் மகனுக்கு வந்தபோது நான்கு வயது. கிண்டர்கார்டனில் விளையாடியே மொழி வந்துவிட்டது, 2017ல் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். மகளுக்கு அப்படி அமையவில்லை, ரியால்ஷூலேதான் கிடைத்தது. அதோடு கதவு மூடிவிடவில்லை. பத்து முடித்து இப்போது தொழில்நுட்ப கிம்னாசியத்தில் படிக்கிறாள், அங்கிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம்.

நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்கள் சைக்கிள் ஓட்டப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறிய அன்று தெருப் பிள்ளைகள் நான்கு பேரோடு சைக்கிளில் வீடு வந்தாள். எல்லோருக்கும் வடை சுட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருடத்தில் உறுதியாகத் திரும்புவீர்கள் என்றால் சர்வதேசப் பள்ளியே சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தங்குவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே அரசுப் பள்ளி. ஒரு வகுப்பு இறக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். இன்னும் சில மாதம் இருக்கிறதல்லவா, கோவையிலேயே ஜெர்மன் மொழி கற்றுக்கொடுக்கும் கோதே சென்ட்ரம் இருக்கிறது. மகளுக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள், பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஜெர்மனில்தான் வரும். எத்தனை வருடம் என்று முடிவானதும் எழுதுங்கள், அந்த ஜெர்மன் வகுப்பு எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்கிறேன்.