களைத்துப்போகுமா ஒளி?

கேள்வி: காலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதால் பிரபஞ்சம் விரிகிறது என்கிறார்கள். வெகுதூரம் வந்த களைப்பில் ஒளியே சக்தியிழந்து சிவந்திருக்கக் கூடாதா? (திருச்சி வாசகி)

பதில்: வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1929-லேயே கிளப்பிய சந்தேகம் இது. அசட்டு யோசனை என்று தள்ளிவிட முடியாது. நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப் பட்டையில், 656.3 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 722-ல் தெரிந்தால், அலைநீளம் பத்து சதவீதம் கூடியிருக்கிறது என்று மட்டும்தான் நிறமாலை சொல்லும். ஏன் கூடியது என்று அது சொல்லாது.

அதைச் சொல்ல ஒரு கடிகாரம் வேண்டும். 1ஏ வகை சூப்பர்நோவா என்ற நட்சத்திர வெடிப்பு அப்படிப்பட்டது. பக்கத்தில் வெடித்தால் உச்ச வெளிச்சத்துக்கு வர சுமார் 18 நாள். அலைநீளம் இரட்டிக்கும் அளவு தொலைவில் வெடித்தாலோ சுமார் 36 நாள். வெளி விரிந்தால் முதல் நாள் ஒளிக்கும் கடைசி நாள் ஒளிக்கும் இடையிலான காலமும் சேர்ந்து நீளும். ஒளி களைத்தால் நிறம்தான் மாறும்; 18 நாள் 18 நாளாகவே இருக்கும்.

பக்கத்து வெடிப்பையும் தொலைதூர வெடிப்பையும் ஒரே ஃபில்டரில் அளந்தால் கணக்கு சொதப்பும். சூப்பர்நோவாவின் நீல ஒளி சீக்கிரம் மங்கும், சிவப்பு மெதுவாக மங்கும். அங்கே நீலமாகக் கிளம்பியது நமக்கு அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. அதை இங்குள்ளதன் நீலத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: ஹாயிலின் நிலைத்த பிரபஞ்சக் கொள்கை எப்படித் தோற்றது? (ஈரோடு வாசகர்)

பதில்: வானியலாளர்கள் ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் 1948-ல் சொன்ன பிரபஞ்சமும் விரிவதுதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விரிவில் உண்டாகும் காலியிடத்தைப் புதுப் பருப்பொருள் நிரப்பும் என்றார்கள். ஒரு கன மீட்டருக்குச் சுமார் நூறு கோடி வருஷத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு போதும். எந்த ஆய்வகத்திலும் பிடிபடாத அளவு!

ஆனால் அப்படியானால் அன்றும் இன்றும் பிரபஞ்சம் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டது. ரேடியோ மூலங்கள், அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருட்களில், மங்கலானவை (தொலைவில், பழைய காலத்தில் இருப்பவை) எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று 1950-களில் கேம்பிரிட்ஜ் எடுத்த கணக்கை ஹாயில் நம்பவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது: கருவியின் பார்வை அகலமாக இருந்ததால் மங்கலான பல மூலங்கள் ஒன்றாகக் கலந்து எண்ணிக்கையைக் கெடுத்தன. பிந்தைய, துல்லியமான கணக்குகளும் அவருக்கு எதிராகவே வந்தன. 1965-ல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணி, அதாவது பிரபஞ்சத்தின் சூடான தொடக்கத்தின் மிச்ச ஒளி, பெரிய அடி. எந்தத் திசையில் ஆன்டெனாவைத் திருப்பினாலும் சுமார் 3.5 கெல்வின் இரைச்சல். உள்ளே இருந்த புறா எச்சத்தைச் சுரண்டி எடுத்தும் போகவில்லை.

நம் ஊட்டிக்கும் இதில் பங்குண்டு. அங்குள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலா மறைக்கும்போது ரேடியோ மூலம் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை வைத்து, வானில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கணக்கிட்டார்கள். மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறிதாகத் தெரிகின்றன என்று புரிந்தது. மூலங்கள் காலப்போக்கில் மாறியிருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்று 1975-ல் வானியலாளர்கள் ஸ்வரூப்பும் கபாஹியும் காட்டினார்கள்.