தலைப்பிரசவம் தாய்வீட்டில்: முதல் மூன்று மாதம் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை?

கேட்டவருக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இவருக்கு வேலை வேறு ஊரில். "மாமியார் இருக்கிறார், ஆச்சி இருக்கிறார், நான் போய் என்ன செய்யப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா?" என்கிறார்.

போதாது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை பகலில் போவதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. போவதென்றால் ராத்திரிக்குப் போங்கள். இதுதான் என் பதில். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

என் மனைவிக்குச் சங்கரன்கோவில் பக்கம். எனக்கு அப்போது மதுரையில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அந்த வீட்டைப் பகலிலும் பார்த்தேன், இரவிலும் பார்த்தேன். இரண்டும் ஒரே வீடு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

பகலில் ஆளுக்குக் குறைவே இல்லை. காலையில் குளிப்பாட்டுவதற்கென்றே தெருவில் இருந்து ஓர் ஆச்சி வருவார். பின்கட்டில் பலகையைப் போட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்வார். குழந்தையை அந்தக் கால்களின் மேல் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்ப்பார். அப்புறம் மல்லாக்கத் திருப்பி நெஞ்சு, தொடை, பாதம் என்று நீவிவிடுவார். வெந்நீரை முதலில் தன் கணுக்காலில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை மேல் ஊற்றுவார். கத்திக்கொண்டிருந்த பிள்ளை சாம்பிராணிப் புகை காட்டி முடிப்பதற்குள் கண் சொக்கிவிடும். அப்படியே துணியில் சுற்றிக் கிடத்தினால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில்தான் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். "தங்கமான பிள்ளை, சத்தத்தையே காணோம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் பார்ப்பதும் இந்தப் பிள்ளையைத்தான். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

ஏழு மணிக்கு மேல்தான் கச்சேரி. பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினான்கில் இருந்து பதினேழு மணி நேரம் வரை தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத் தூங்கும். பகல் எது, இரவு எது என்ற கணக்கு அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். 24 மணி நேரத்தில் எட்டில் இருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அதில் நாலைந்து இரவில்தான். இரவில் கொடுக்காமல் விடவும் முடியாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். ஆக, பகலில் பத்துப் பேர் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தையை ராத்திரி இரண்டு மணிக்கு வைத்திருப்பது ஒரே ஆள். அதுவும் தையல் போட்ட உடம்போடு.

சிசேரியன் என்றால் இது இன்னும் மோசம். படுத்த இடத்தில் இருந்து எழுவதே பெரும்பாடு. ஒருக்களித்து, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழ வேண்டும். குழந்தையை எடுத்து மடியில் வைக்க ஓர் ஆள், பால் குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்ட ஓர் ஆள், ஈரத்துணி மாற்ற ஓர் ஆள் என்று தேவைப்படும். இந்த மூன்றுக்கும் ஓர் அப்பா போதும். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் செய்யலாம். அதில்கூட ஒரு நேரத்தை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுப்பது. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் பிள்ளையே நாக்கை நீட்டி உறிஞ்சும். நாம் ஊற்றக் கூடாது. மருத்துவமனையில் நர்ஸ் அக்காவிடம் கேட்டால் செய்து காட்டுவார்கள். பாலை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவதே நல்லது. இந்த ஒரு வேளையால் அவளுக்குச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். அந்த மூன்று மாதத்தில் நீங்கள் எந்த நகை வாங்கிக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

மாப்பிள்ளையை அந்த அறையில் படுக்க விடுவார்களா என்று கேட்பீர்கள். முதலில் விட மாட்டார்கள். "ஒங்களுக்கு எதுக்கு மாப்ள இந்த வேல, மாடில மெத்த போட்டிருக்கு, போயி படுங்க" என்றார் என் அத்தை. "இல்ல அத்தே, இன்னிக்கு நான் பாத்துக்கிறேன், நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று பாயை எடுத்து விரித்துவிட்டேன். வாசல் பக்கம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் கூடத்தில் இருந்து குறட்டைச் சத்தம்தான் கேட்டது. பாவம், பிரசவ நாளில் இருந்து அவருக்கும் தூக்கம் கிடையாது. உங்கள் மாமியாருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் இல்லையா? பகலெல்லாம் பத்தியச் சமையல் செய்து, வருகிறவர்களுக்குக் காப்பி போட்டு, துணி துவைத்து, ராத்திரியும் அவரே விழிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

லீவு விஷயம். மத்திய அரசு ஊழியர் என்றால் உங்களுக்குப் 15 நாள் உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை, கம்பெனி மனசு வைத்தால்தான். எத்தனை நாள் கிடைத்தாலும், எல்லாவற்றையும் மருத்துவமனையிலேயே செலவழித்துவிடாதீர்கள். அங்கே நர்ஸ் இருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் கூட்டம் இருக்கிறது. நீங்கள் பெரும்பாலும் டீ வாங்கிக்கொண்டும் பில் கட்டிக்கொண்டும்தான் இருப்பீர்கள். பேர் வைத்து, தொட்டில் போட்டு, எல்லாரும் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வீடு காலியாகும். சரியாக அந்தச் சமயத்தில் பிள்ளையின் அழுகை கூடும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானே அடங்கும். ஆகவே மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் லீவை வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து முதல்முதலாகச் சிரிப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

இரவில் அங்கே இருப்பதில் இன்னொன்றும் உண்டு. பகலில் அவள் வாயைத் திறக்க முடியாது. "பச்ச ஒடம்புக்காரி அழக் கூடாது" என்று யாராவது அதட்டிக்கொண்டே இருப்பார்கள். விளக்கணைத்த பிறகுதான் பேச்சு வரும். பால் போதவில்லையோ, தையல் பிரிந்துவிடுமோ, நான் நல்ல அம்மா இல்லையோ என்று வரும். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். ஹார்மோன் அடியோடு இறங்குகிற நேரம் அது. இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளை மேலேயே பிடிப்பு இல்லாமல் இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். திருஷ்டி கழிக்கிறவர்கள் கழிக்கட்டும், உப்பு மிளகாயால் கெடுதல் ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போவது மட்டும் நிற்கக் கூடாது.

அந்த "பால் போதவில்லை" பேச்சு எல்லா வீட்டிலும் வரும். அடுத்த நாளே பால் பவுடர் டப்பாவும் வந்துவிடும். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டதா? முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரை எடை குறைவது இயல்புதான். இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், வெயில் காலமானாலும் வேண்டாம்.

இங்கேதான் மாப்பிள்ளை என்ற பதவி உதவும். சேனை தொட்டு வைக்கத் தேனோடு ஒரு பெரியம்மா வருவார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் உடம்பை முடக்கிவிடும். உரைமருந்து இழைத்துக்கொண்டு இன்னொருவர் வருவார். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் கறந்து விற்பவர் வருவார். குளிப்பாட்டுகிற ஆச்சி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதப் பார்ப்பார். பெற்ற மகள் மறுத்தால் "ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா பேச்சப் பாரு" என்பார்கள். மாப்பிள்ளை "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு பெரியம்மா" என்றால் அதோடு முடிந்தது. நம் ஊரில் மாப்பிள்ளைக்கு இருக்கும் தேவையில்லாத மரியாதையை உருப்படியாகச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வசம்பு வளையத்தைக் கையில் கட்டினால் கட்டட்டும், வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மைப்பொட்டு கன்னத்தில் இருக்கட்டும், கண்ணுக்குள் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. விடாமல் அழுதால் "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டி உலுக்கி எடுப்பார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம். அதேபோல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடு ராத்திரியானாலும் மருத்துவமனைதான். யார் வண்டி எடுப்பார்கள், எந்த மருத்துவமனை என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

உங்கள் அம்மா பார்க்க வரும்போது இதே வேலையை அந்தப் பக்கமும் செய்ய வேண்டும். "பிள்ளை ஏன் மெலிஞ்சிருக்கு, இவங்க சரியா பாக்கலயா" என்று தொடங்கினால், பதில் உங்கள் வாயில் இருந்து வர வேண்டும். மனைவியோ மாமியாரோ சொன்னால் அது சண்டை ஆகிவிடும்.

பகலில் செய்ய வேண்டியவை நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் இருந்தே போனில் முடிகிற சங்கதிகள். பிறப்பைப் பதிய 21 நாள் வரை கட்டணம் இல்லை. கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருங்கள், அது இல்லாமல் நம் மாநிலத்தில் சான்றிதழ் நகராது. பேர் முடிவாகவில்லை என்றாலும் பதிந்துவிடலாம், ஒரு வருடத்துக்குள் பேரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபர் முதல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது, பாஸ்போர்ட் எடுப்பது எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆகவே அப்பா, அம்மா பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தடுப்பூசி பிறந்தவுடன், அப்புறம் 6, 10, 14 வாரத்தில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், பொதுவாகப் புதன்கிழமை. ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி லேசான காய்ச்சலும் அழுகையும் இருக்கலாம்; 100.4-ஐத் தொட்டால் மேலே சொன்னதுதான். எனவே வார நடுவில் ஒரு லீவு எடுப்பதென்றால் வியாழக்கிழமை எடுங்கள், புதன் ராத்திரி அங்கே இருக்கலாம்.

மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ பிள்ளையைக் கூட்டி வருவார்கள். விட்டுவிட்டு அத்தை ஒரு வாரத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு அந்த வாடகை வீட்டில் நீங்கள் இரண்டு பேர், பிள்ளை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். இல்லையென்றால் துளை போட ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள நாளாகும், ஸ்டாண்டோடு வருகிற தூளி வாங்க வேண்டியிருக்கும். தூளி எல்லாம் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான். ராத்திரி தட்டையான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்க.