ஆபீஸில் தமிழ் பேசினால் வேலை போகுமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர்களின் சட்டக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழர்கள். "இனி ஆபீஸுக்குள் ஆங்கிலம் மட்டும்தான்" என்று மேனேஜர் மெயில் போட்டிருக்கிறார். லஞ்ச் நேரத்தில்கூடத் தமிழில் பேசக் கூடாதாம். இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?
– வாசகி, எடிசன்

பதில்: மீட்டிங்குக்குச் சொல்லலாம். லஞ்சுக்கும் சேர்த்துச் சொன்னது வம்பை விலைக்கு வாங்கும் வேலை.

1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்புதான் இதற்கு அடிப்படை. 15 பேருக்குக் குறையாமல் ஊழியர்கள் உள்ள இடங்களுக்கு அது பொருந்தும். இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு என ஐந்தைச் சொல்லும் அந்தச் சட்டத்தில் மொழி என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒருவர் பேசும் மொழி அவருடைய பூர்வீகத்தோடு ஒட்டியே வருவதால், இ.இ.ஓ.சி. எனும் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1980இல் ஒரு விதி வகுத்தது. எந்நேரமும் ஆங்கிலமே என்றால், அது சட்டத்தை மீறுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் என்றால், தொழிலுக்கு அது அவசியம் என்று முதலாளி காட்ட வேண்டும். எப்போது ஆங்கிலம் பேச வேண்டும், மீறினால் என்ன நடவடிக்கை என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மேனேஜரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். ஆணையத்தின் விதியை நீதிமன்றங்கள் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்பன் ஸ்டீக் என்ற இறைச்சிக் கம்பெனி வழக்கில், இரண்டு மொழியும் தெரிந்தவரை ஆங்கிலத்தில் பேசச் சொல்வது பெரிய பாதிப்பு ஆகாது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் சொல்லிவிட்டது. அங்கே இடைவேளையில் ஸ்பானிஷ் பேசத் தடை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன், டெக்ஸஸின் பிரவுன்ஸ்வில்லில் மரக்கடை விற்பனையாளர் ஒருவர் சக ஊழியருக்கு ஸ்பானிஷில் பதில் சொன்னதற்காக வேலையை இழந்தார். அந்த வழக்கிலும் 1980இல் தீர்ப்பு முதலாளி பக்கமே வந்தது.

மறுபக்கமும் உண்டு. டாலஸ் பகுதியில் பிரீமியர் ஆபரேட்டர் என்ற தொலைபேசிச் சேவை நிறுவனம், ஸ்பானிஷ் தெரியும் என்பதற்காகவே ஆட்களை எடுத்தது. பிறகு வாடிக்கையாளரிடம் தவிர வேறு யாரிடமும், இடைவேளையில்கூட, ஸ்பானிஷ் பேசக் கூடாது என்றது. துப்பாக்கி, கத்தி கொண்டுவரக் கூடாது என்று எச்சரித்த அதே அறிவிப்பில்தான் இதையும் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தது. 2000இல் தீர்ப்பு வந்தபோது 7 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓக்லஹோமாவின் ஆல்டஸ் நகராட்சியும் ரேடியோ தொடர்பைக் காரணம் காட்டித் தடை போட்டது. தடை சாப்பாட்டு நேரத்துக்கும் நீண்டது, சக ஊழியர்கள் கேலி பேசினார்கள் என்ற சாட்சியங்களைப் பார்த்த பத்தாம் வட்டார நீதிமன்றம், இது ஜூரி விசாரிக்க வேண்டிய விஷயம் என்று 2006இல் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ஆக, உங்கள் மேனேஜரின் மெயிலில் வலுவில்லாத இடம் லஞ்ச்தான். மெயிலின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். "இடைவேளைக்கும் இது பொருந்துமா? இந்தி, ரஷ்யன், சீன மொழி பேசுபவர்களுக்கும் பொருந்துமா?" என்று ஹெச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் பேச, தமிழர்கள் மட்டும் எச்சரிக்கை வாங்கினால் தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று குறித்துவையுங்கள். உங்களுக்கு இருப்பதிலேயே பலமான ஆதாரம் அதுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதி ஒரு பிரிவினரை மட்டும் பாதிக்கிறது என்ற வகை வழக்குகளுக்கு முன்னுரிமை தர வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் அதிபரின் நிர்வாக ஆணை ஃபெடரல் அமைப்புகளுக்குச் சொல்லியிருக்கிறது. சட்டம் மாறவில்லை, நீங்களாகவே வழக்குப் போடுவதற்கும் தடை இல்லை. ஆனால் ஆணையம் உங்களுக்காக இறங்கி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நியூ ஜெர்சியின் சொந்தப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்கு 15 பேர் கணக்கெல்லாம் இல்லை.

கேள்வி: டெக்ஸஸில் மோட்டலும் பெட்ரோல் பங்கும் நடத்துகிறேன். 20 பேர் வேலை செய்கிறார்கள், பலரும் ஸ்பானிஷ்காரர்கள். ஆங்கிலம் பேச வேண்டும் என்று விதி போட்டால் தப்பா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: எதற்காக என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள்" என்பதுதான் காரணமென்றால் விதி வேண்டாம். கிண்டல் நடந்தால் அந்தக் கிண்டலைத் தண்டியுங்கள், அது எந்த மொழியில் இருந்தாலும்.

உண்மையான தேவை இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் எழுதுங்கள். கவுன்டரில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாடிக்கையாளர் நிற்கும்போது. தீ, எரிபொருள் கசிவு போன்ற அவசரத்தில். சேர்ந்து செய்யும் வேலையில் எல்லோருக்கும் பொதுவான மொழி தேவைப்படும்போது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த சூப்பர்வைசர், வாடிக்கையாளருடன் நடக்கும் பேச்சைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்போது. ஆணையமே ஏற்றுக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் இவை. ஸ்பானிஷ் வாடிக்கையாளரிடம் ஸ்பானிஷில் பேசலாம், இடைவேளையிலும் சொந்த போன் பேச்சிலும் எந்த மொழியும் பேசலாம் என்பதை அதே தாளில் சேர்த்துவிடுங்கள். தாளை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பழக்கத்தில் நாக்கு தவறும். முதல் தடவைக்கு வாய்மொழியாகச் சொன்னால் போதும். அறை சுத்தம் செய்பவர்கள் தங்களுக்குள் என்ன மொழி பேசினால் உங்களுக்கு என்ன? அவர்களை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது இன்னொரு இடத்தில். ஸ்பானிஷுக்குத் தடை போட்டுவிட்டு, தன் மைத்துனரோடு கல்லாவில் நின்று தமிழில் பேசிக்கொண்டிருப்பார் முதலாளி. வழக்கு வந்தால் முதல் கேள்வியே அதுதான். உங்கள் அளவு நிறுவனத்துக்கு, மன உளைச்சலுக்கான இழப்பீடும் தண்டனைத் தொகையும் சேர்ந்து ஒருவருக்கு 50,000 டாலர் வரை போகலாம். நிலுவைச் சம்பளம் தனி.

கேள்வி: "கிளையன்ட்டுக்குப் பிடிக்கவில்லை, டெஸ்க்கில் தமிழ் வேண்டாம்" என்கிறார்கள். இது தொழில் அவசியம் ஆகுமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: கலிஃபோர்னியாவில் ஆகாது. 5 பேர் இருந்தாலே அங்கே மாநிலச் சட்டம் பொருந்தும். வாடிக்கையாளரின் விருப்பமோ சக ஊழியரின் சங்கடமோ போதுமான காரணம் இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இடைவேளையில் மொழித் தடை எந்தச் சூழலிலும் செல்லாது. மாநில சிவில் உரிமைத் துறையிடம் புகார் கொடுக்க 3 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: இன்டர்வியூவில் என் உச்சரிப்பைக் காரணம் காட்டி நிராகரித்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், அட்லான்டா

பதில்: அந்த வேலைக்குப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. உச்சரிப்பு வேலையை நிஜமாகவே பாதிக்குமென்றால்தான் நிராகரிக்கலாம். கேட்க வேறுமாதிரி இருக்கிறது என்பது காரணமாகாது. ஆனால் ஹொனலூலுவில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், எழுத்துத் தேர்வில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் எடுத்தும், பொதுமக்களோடு பேசும் கிளார்க் வேலை என்பதால் 1989இல் தோற்றார். டேட்டாபேஸ் வேலைக்கு உங்களை அப்படி ஒதுக்கியிருந்தால் கேட்பதற்கு இடமிருக்கிறது. கால் சென்டர் என்றால் கஷ்டம்.

கேள்வி: ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்று அதிபர் ஆணையிட்டுவிட்டாரே?
– வாசகி, சிகாகோ

பதில்: 2025 மார்ச் 1ஆம் தேதி வந்த அந்த ஆணை அரசு அமைப்புகளுக்கானது. தனியார் முதலாளிக்கு அது புதிய அதிகாரம் எதையும் தரவில்லை. லாரி ஓட்டுநர் விஷயம் வேறு. சாலைப் பலகைகளைப் புரிந்துகொள்ளவும் அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஆங்கிலம் வேண்டும் என்பது ஃபெடரல் விதி. 2025 ஜூன் 25 முதல், தேறாதவரை வண்டியை எடுக்க விடுவதில்லை. அதற்காக, அவர் ஓய்வு நேரத்தில் போனில் பஞ்சாபி பேசுவதை யாரும் தடுக்க முடியாது.

கேள்வி: நான் ஹெச்-1பி. புகார் கொடுத்தால் விசா போய்விடுமா? எப்படிக் கொடுப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: விசா எதுவானாலும் ஏழாம் தலைப்பின் பாதுகாப்பு உண்டு. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டாகச் சேரும். இருந்தாலும் வேலை போனால், இருக்கும் விசாவில் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். கையில் மாற்று ஏற்பாட்டுக்கான யோசனையை வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் விசாரணைக் குறிப்பைப் பதிவுசெய்து நேர்காணலுக்கு நேரம் வாங்க வேண்டும். அது மட்டும் புகார் ஆகாது. அதன்பின் தயாராகும் புகாரில் நீங்கள் கையெழுத்திட்டால்தான் கணக்கு. கெடு 180 நாள். இதே பாகுபாட்டை விசாரிக்கும் மாநில அமைப்பு இருந்தால் 300 நாள். நியூ ஜெர்சியில் மாநிலத் துறையிடமே போவதென்றால் 180 நாள்தான். ஹெச்.ஆரிடம் கொடுத்த மனு இந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது. "உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று காத்திருந்தே பலர் நாளைத் தவறவிடுகிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 180 நாளில் முடிவு வராவிட்டால், வழக்குத் தொடரும் உரிமைக் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். அது கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.