ஒரே ஈற்று, ஒரே தீவனம்: வளர்ச்சி ஏன் வேறு?

கேள்வி: வெண்பன்றிக் குட்டிகளில் சில மட்டும் பால் மறந்ததும் கழிந்து, எடை ஏறாமல் நின்றுவிடுகின்றன. பரம்பரைக் கோளாறா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஓரளவுக்குத்தான். வளர்ச்சி வேக வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதமே பரம்பரை. ஆனால் கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை கிருமியின் சில வகைகள் குடல் சுவரில் ஒட்ட இடமுண்டா என்பதை மரபணுதான் முடிவு செய்கிறது. ஒரே ஈற்றில் சில கழிந்து, சில தப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பால் திடீரென நின்றால் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல குடல் நுண்ணுயிரி குறைந்து, ஈ.கோலை பெருகும். 14ஆம் நாளிலிருந்தே குட்டித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பால் மறந்தபின் ஒரு வாரமாவது அதே தீவனம்தான். உடனே கேழ்வரகு, தவிட்டுக்கு மாற்றவே கூடாது. ஓசூர் ஓட்டல் மிச்சத்தை 30 நிமிடம் கொதிக்கவிடாமல் எந்தப் பன்றிக்கும் வைக்காதீர்கள். பன்றிகளைக் கொல்லும் பன்றிக் காய்ச்சல் (ஸ்வைன் ஃபீவர்; மனிதருக்கு வரும் ஸ்வைன் ஃப்ளூ அல்ல) அதன் வழியாகவும் வரும். கழிச்சல் கண்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் நல்ல நுண்ணுயிரிகளையும் அழித்துவிடும்.